வீசம், அரைக்கால், கால், அரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் முன்பு வேலை பார்த்த ஷெட்டின் பின்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஓர் எர்த் குழி இருக்கிறது. எட்டடி ஆழம். ஜி.ஐ. பைப்பை நட்டு, ஓர் அடுக்கு உப்பு, ஓர் அடுக்கு கரி என்று முறைப்படி நிரப்பி, மேலே சிமென்ட் தொட்டி கட்டி மூடியிருக்கும். 2016 மே மாத வெயிலில் மூன்று நாள் தோண்டினார்கள். அந்தக் குழி தேவையே இல்லை. தேவை என்று அடித்துச் சொன்னவன் நான். மெஷின் போட்ட சத்தத்துக்குக் காரணம் எர்த்திங் அல்ல, நான் எழுதிய புரோகிராமில் நானே சேர்த்த ஓர் எழுத்து என்று ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

எங்களுடையது பன்னிரண்டு பேர் வேலை பார்த்த சின்ன கம்பெனி. 1964-இல் தொடங்கிய இந்தப் பேட்டையில் அப்படி எத்தனையோ உண்டு. ஒரு தெருவில் பிரஸ் ஷாப், அடுத்த தெருவில் பிளேட்டிங், அதற்கடுத்து எங்களைப்போல் கேட்டதைச் செய்து கொடுக்கும் ஸ்பெஷல் மெஷின்காரர்கள். 2012-இல் ஒரு சோதனை மெஷின் செய்தோம். கார் சஸ்பென்ஷனில் வரும் ரப்பர் புஷ்ஷை முன்னும் பின்னும் ஆட்டி, எத்தனை ஆட்டத்தில் கிழிகிறது என்று பார்க்கும் மெஷின். நடுவிலிருந்து இரு பக்கமும் 10 மி.மீ., விநாடிக்கு 2 ஆட்டம். வேகத்தைக் கூட்டினால் ரப்பர் சூடாகி, சோதனையே பொய்யாகிவிடும்.

ஆட்டத்தின் வடிவம் சைன் வளைவு. முனையை நெருங்கும்போது தானே வேகம் குறைந்து, நின்று, திரும்பும். அதனால் மெஷினுக்கும் உதறல் இருக்காது, ரப்பருக்கும் அடி விழாது. மெஷின் ஓடத் தொடங்கி எத்தனை விநாடி ஆகிறதோ அதை 4 பையால் பெருக்கினால் கோணம், ரேடியனில். அந்தக் கோணத்துக்கு சைன் எடுத்து 10-ஆல் பெருக்கினால் தண்டு நிற்க வேண்டிய இடம். இதை மைக்ரோகன்ட்ரோலர் விநாடிக்கு ஆயிரம் முறை கணக்கிட்டு சர்வோ மோட்டாருக்குச் சொல்லும். நான் எழுதியது அவ்வளவுதான். பள்ளிக்கூடக் கணக்கு.

அந்த எழுத்துக்கு வருகிறேன். சி மொழியில் சைனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட செயற்கூறுகள் உண்டு. வெறும் பெயரில் கூப்பிட்டால் எண்ணை 53 பிட் நீளத்துக்கு வைத்துக் கணக்கிடும். பெயரின் கடைசியில் ஓர் 'எஃப்' சேர்த்துக் கூப்பிட்டால் 24 பிட்தான். எங்கள் சிப்பில் 24 பிட் கணக்குக்குத் தனி சர்க்யூட் இருந்தது. 53 பிட் கணக்கை மென்பொருளால் நீட்டி முழக்கிப் போட வேண்டும். ஒரு மில்லிவிநாடிக்குள் சைன் மட்டுமல்லாமல் வேறு வேலைகளும் முடியவேண்டியிருந்தது. இடம் போதவில்லை. ஒரு மாலை, ஒற்றை 'எஃப்'பைச் சேர்த்தேன். நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. கோணத்தை 53 பிட்டில்தான் கணக்கிட்டு வைத்திருந்தேன். ஆனால் அந்த வாசலைத் தாண்டும்போது அது சத்தமில்லாமல் 24 பிட்டாக நறுக்கப்படும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்தும் யோசிக்கவில்லை. ஏழு இலக்கத் துல்லியம் போதாதா என்று நினைத்தேன். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், பட்டுப்போல் ஆடியது.

24 பிட் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. எண் சிறியதாக இருக்கும்வரை புள்ளிக்குப் பின்னால் நிறைய இடம் இருக்கும். எண் வளர வளர முன்பக்கத்துக்கே இடம் செலவாகி, பின்பக்கம் குறுகும். 10,48,576-ஐத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே அரைக்கால் இடைவெளி. அதற்கிடையில் எதையும் அதனால் சொல்ல முடியாது. 20,97,152-ஐத் தாண்டினால் இடைவெளி கால். 41,94,304-க்கு மேல் அரை. என் பாட்டி பால் கணக்கு பார்த்த வாய்ப்பாடுதான் இது. வீசம், அரைக்கால், கால், அரை. கம்ப்யூட்டர் இரண்டிரண்டாக எண்ணுவது என்னவோ புது விஷயம் மாதிரி நாங்கள் கல்லூரியில் படித்தோம். படியளந்தவர்கள் எப்போதோ அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பத்து லட்சத்தில் அரைக்கால் போனால் யாருக்கு நஷ்டம் என்று தோன்றும். பணமாக இருந்தால் நஷ்டமில்லை. கோணத்தில் கதை வேறு. முழு வட்டமே 6.283 ரேடியன்தான். எத்தனை லட்சம் சுற்று சுற்றினாலும், தண்டு இப்போது எங்கே நிற்கவேண்டும் என்பதைச் சொல்வது கடைசிச் சுற்றின் மிச்சம் மட்டுமே. முன்னால் இருக்கும் லட்சங்கள் வெறும் சுமை. நான் அந்தச் சுமையைக் கழற்றாமல், மிச்சத்தைத் தேய விட்டேன். அரைக்கால் ரேடியன் என்றால் வட்டம் 50 படிகளாகிவிடும். நடு ஆட்டத்தில் ஒவ்வொரு படியும் 1.25 மி.மீ. தண்டு வழுக்கிக்கொண்டு போகாது. நிற்கும், குதிக்கும், நிற்கும், குதிக்கும்.

ஆனால் நாலு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 2012-இல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். கரன்ட் போய்த் திரும்பினால் ஆட்டங்களின் எண்ணிக்கை விட்ட இடத்திலிருந்து தொடரும். கோணம் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விநாடிக்கு இரண்டு ஆட்டத்தில் 10,48,576 ரேடியனை எட்ட 23 மணி 10 நிமிடம் ஆகும். மின்வெட்டு அதற்கு விட்டதே இல்லை. மின்வெட்டு போன பிறகும் எங்களுக்கு வந்த சோதனைகள் ஒரு லட்சம் ஆட்டம், 14 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊரே சபித்த மின்வெட்டு என் தப்புக்குத் திரை பிடித்தது.

2016-இல் ஒரு வாடிக்கையாளர் 10 லட்சம் ஆட்டம் கேட்டார். ஏறத்தாழ ஆறு நாள், நிறுத்தாமல். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கினோம். செவ்வாய் காலை நான் உள்ளே நுழையும்போது மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

அந்த உறுமல்தான் என்னை ஏமாற்றியது. கைபேசியில் ஓசை அளக்கும் செயலியை வைத்துப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸ். மறுநாள் சத்தம் மாறியது. 50 ஹெர்ட்ஸ். நம் ஊர் மின்சாரம் 50. அதன் இரட்டிப்பு 100. எந்த டிப்ளமோ மாணவனைக் கேட்டாலும் மெயின்ஸ் ஹம் என்பான். நானும் அதையே சொன்னேன், சத்தமாக, எல்லார் முன்னிலையிலும். உண்மையில் அது 50 படியை இரண்டால் பெருக்கி வந்த 100. 25 படியை இரண்டால் பெருக்கி வந்த 50. மெஷின் விநாடிக்கு இரண்டு ஆட்டத்துக்குப் பதில் மூன்று ஆடியிருந்தால் இந்த ஒற்றுமையே வந்திருக்காது, நானும் தப்பித்திருப்பேன். தப்பித்திருப்பேனா? வெள்ளிக்கிழமை அது 25 ஆனது. நம் ஊர் மின்சாரம் 25 ஹெர்ட்ஸில் உறுமாது. அந்த எண்ணைப் பார்த்தேன், குறித்துக்கொண்டேன், செயலி சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பேனல் வயரிங் செய்தவர் எங்கள் எலக்ட்ரீசியன். என்னைவிட இருபது வயது மூத்தவர். பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் பட்டரவாக்கம் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்து வருவார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். அந்த வாரமே எர்த் டெஸ்டரை வைத்து அளந்து காட்டினார்.

"ஒரு ஓமுக்கும் கீழதான் சார் காட்டுது. எர்த் நல்லாதான் இருக்கு."

"அப்ப இந்த 50 ஹெர்ட்ஸ் எங்கேர்ந்து வருது? வானத்துலேர்ந்தா?"

அவர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது என்னைப் பல வருஷம் தூங்கவிடாத கேள்வி.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது சார். எர்த் போயிருந்தா அது எப்டி சார் சரியாவும்?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "கெப்பாசிட்டர்ல சார்ஜ் ஏறி நிக்குதுண்ணே, ஆஃப் பண்ணா இறங்கிடும்" என்றேன். அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நான் இன்ஜினியர். பக்கத்தில் முதலாளி நின்றுகொண்டிருந்தார்.

போதாக்குறைக்கு ஒரு சாட்சியும் கொண்டுவந்தேன். லேப்டாப்பில் அதே சூத்திரத்தை ஆறு நாளுக்கும் ஓட்டி, வரைபடம் எடுத்து, அச்சடித்து முதலாளி மேசையில் வைத்தேன். ஆறாம் நாளிலும் வளைவு வழவழவென்று இருந்தது. "புரோகிராம் சரியா இருக்கு சார், வயரிங்தான்." லேப்டாப்பில் நான் கூப்பிட்டது 'எஃப்' இல்லாத சைன். மெஷினில் ஓடிய வரியை ஓட்டிப் பார்க்கவில்லை, ஓடியிருக்கவேண்டிய வரியை ஓட்டிப் பார்த்தேன். வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் அந்தத் தாளை நீட்டும்போது நான் உண்மையைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது.

குழி தோண்டப்பட்டது. உறுமல் போகவில்லை. குதிப்பு அதிகமாகி சர்வோ அலாரம் அடித்து நின்றபோது, நான் செய்தது அலாரத்தின் வரம்பைக் கூட்டியதுதான். கடைசியில் "தினம் காலைல ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுங்க" என்று ஏற்பாடாயிற்று. எலக்ட்ரீசியன் அண்ணன் சொன்னதையே என் யோசனையாகச் சொன்னேன். குழிக்கு ஆன செலவை முதலாளி அவரிடம் பலமுறை சொல்லிக்காட்டினார். ஆடி முடிந்ததும் அவர் வேலையை விட்டுவிட்டார். பூந்தமல்லி பக்கம் ஏதோ கம்பெனி என்றார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். "வரேன் சார்."

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஷெட்டே மெஷின் துடைக்கும் நாள். பேனல் கதவின் உள்பக்கத்தைத் துடைக்கத் துணியோடு போனவன், சாக்பீஸில் எழுதியிருந்ததைப் பார்த்து நின்றேன். அவர் கையெழுத்து. மூன்று வரி:

23 – 10
46 – 20
92 – 40

கீழே, இன்னொரு முறை ஓட்டியபோது எடுத்த அதே எண்கள், ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே. மெஷினைத் தொடங்கியதிலிருந்து எத்தனை மணி, எத்தனை நிமிடத்தில் சத்தம் மாறுகிறது என்று இரவுப் பணியில் உட்கார்ந்து குறித்திருக்கிறார். மூன்றாவது எண்ணுக்காக வெள்ளிக்கிழமை விடிகாலை ஆறே முக்காலுக்கு விழித்திருக்க வேண்டும். இதை அவர் என்னிடம் அப்போதே காட்டியதும் நினைவுக்கு வந்தது. "டைம் கரெக்டா மாறுது சார்" என்றார். நான் சிரித்தேன். என்ன சொன்னேன் என்பது மறந்துவிட்டது, சிரித்தது மறக்கவில்லை.

ஒவ்வொன்றும் முந்தையதன் இரட்டிப்பு. இரட்டிப்பைப் பார்த்தால் கம்ப்யூட்டர்காரனுக்கு மூக்கு வியர்க்க வேண்டும். 23 மணி 10 நிமிடம் என்றால் 83,400 விநாடி. 4 பையால் பெருக்கினேன். 10,48,035. இரண்டின் 20-ஆம் அடுக்கு 10,48,576. துணியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். மேலே வாழைக்கன்று, சந்தனம், குங்குமம்.

அப்போதும் புத்தி வேறு யாரையாவது தேடியது. சைன் லைப்ரரியைச் சந்தேகித்தேன். பெரிய கோணங்களுக்கு அது தப்புக் கணக்குப் போடுகிறதோ? அன்று இரவே கோணங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சரிபார்த்தேன். கடைசி இலக்கம்வரை சரி. நான் கொடுத்த கோணத்துக்கு அது மிகச் சரியான சைனைத் தந்திருக்கிறது. கொடுத்த கோணம்தான் தப்பு.

அந்த லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பிறகு படித்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது. பெரிய கோணத்திலிருந்து முழுச் சுற்றுகளைக் கழிக்க பை வேண்டும். பையைச் சில இலக்கத்தோடு வெட்டிவிட்டால், ஒரு சுற்றுக்கு விழும் தூசி அளவு பிழை, கோடிக்கணக்கான சுற்றுகளில் மலையாகிவிடும். மேரி பெய்ன், ராபர்ட் ஹானெக் என்ற இருவர் 1983-இல் இதற்கு வழி எழுதினார்கள்: இரண்டைப் பையால் வகுத்து வரும் எண்ணை நெடுநீளத்துக்கு அட்டவணையாக வைத்துக்கொள், கோணம் எவ்வளவு பெரியதோ அதற்குத் தேவையான துண்டை மட்டும் எடுத்துப் பெருக்கு, முழுச் சுற்றுகளைத் தருகிற பகுதியைத் தொடவே தொடாதே. சன் நிறுவனம் 1993 வாக்கில் இலவசமாக வெளியிட்ட கணித லைப்ரரியில் அந்த எண் 476 தசம இலக்கத்துக்கு இருக்கிறது. அதனால்தான் 10-இன் 22-ஆம் அடுக்குக்கு சைன் கேட்டால் இன்று நல்ல லைப்ரரி எதுவும் -0.8522008497671888 என்று தயங்காமல் சொல்கிறது. அத்தனை பெரிய கோணம் யாருக்கு வேண்டும் என்று கேட்காமல் உழைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் அப்படி இல்லை. இன்டெல் சிப்புகளில் சைனுக்கென்றே இருந்த கட்டளை உள்ளே 66 பிட் பையை வைத்துக்கொண்டிருந்தது. கையேட்டில் சொன்ன துல்லியத்துக்கும் நிஜத்துக்கும் பைக்கு அருகே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2014-இல் புரூஸ் டாசன் என்ற புரோகிராமர் அதை எடுத்துக்காட்டினார். இன்டெல் கட்டளையை மாற்றவில்லை, கையேட்டைத் திருத்த ஒப்புக்கொண்டது. சிரிப்பாக இருக்கலாம். ஆனால் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். நம் பள்ளிக் கால்குலேட்டர் இன்னும் யோக்கியம். ஓர் எல்லைக்கு மேல் கோணம் கொடுத்தால் 'எரர்' என்று போட்டு நிறுத்திக்கொள்ளும். கெப்பாசிட்டர் சார்ஜ் என்று கதை விடாது.

இதில் எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கிளார்க்ஸ் டேபிளில் சைன் பார்த்துப் படித்த தலைமுறை நான். அதில் 90 பாகைக்கு மேல் பக்கமே கிடையாது. 750 பாகைக்கு சைன் கேட்டால், முதலில் இரண்டு சுற்றை, அதாவது 720-ஐக் கழித்துவிட்டு, 30-க்குப் பார்க்க வேண்டும். பதினேழு வயதில் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் கிடைத்ததும், எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

இதைவிடப் பழைய பாடமும் நம்மிடம் இருந்தது, பிற்பாடு கண்ணில் பட்டது. ஜான் வாரன் என்ற படை அதிகாரி, சென்னை வானியல் ஆய்வுக்கூடத்தில் பொறுப்பில் இருந்தவர், 'காலசங்கலிதா' என்ற நூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே, சந்திர கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வருஷம் மே 31 இரவில் வந்த கிரகணம். கணித்ததற்கும் நடந்ததற்கும் வித்தியாசம் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. அவருக்கு வானியல் தத்துவம் எதுவும் தெரியாது என்று வாரன் குறைபட்டுக்கொள்கிறார். தத்துவம் தெரிந்த நான் என்ன கிழித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்ல 248 வாக்கியம். ஒரு நாளைக்கு ஒன்று. சந்திரனின் வேகம் கூடிக் குறையும் சுழற்சி 27 நாளுக்குச் சற்று மேல். அது ஒன்பது முறை முடிய 248 நாள். கலியுகம் பிறந்து எத்தனை நாளோ அத்தனையையும் தூக்கிக்கொண்டு வாக்கியத்தைத் தேடுவதில்லை. முதலில் 16,00,984 நாளைக் கழி. பிறகு 12,372-ஐ எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை. பிறகு 3,031. பிறகு 248. ஒவ்வொன்றைக் கழிக்கும்போதும் சந்திரன் அதில் எவ்வளவு நகர்ந்தான் என்பதைத் தனியே கூட்டிக்கொள். இந்த எண்களுக்கு எழுத்தில் பெயரும் உண்டு. 248-க்கு தேவரம், 3,031-க்கு காலநிலம். வாரன் சொல்லும் கிரகணத்துக்கு நானே ஓட்டிப் பார்த்தேன். என் கணக்கில் கலி நாள் 17,99,312. பெரிய எண்ணைக் கழித்தால் 1,98,328. அதில் 12,372 பதினாறு முறை போக 376. அதில் 3,031 போகாது. ஒரு 248 போக மிச்சம் 128. பதினெட்டு லட்சம் கைக்கடக்கமாகிவிட்டது. சோழி போதும்.

அதே பஞ்சாங்கத்தில் அடுத்த பாடமும் இருக்கிறது. கழிக்கும் எண்ணில் கடுகளவு பிசகு இருந்தாலும், நூற்றாண்டுகளில் அது சேரும். 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்றது திருக்கணிதம். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல்தான் என்றது திருநள்ளாறு கோயில். அதற்குக் காரணங்கள் பல. பழைய மாறிலிகளைத் திருத்தாமல் சுழற்றிக்கொண்டே வந்தது அதில் ஒன்று. 66 பிட் பைக்கு நேர்ந்ததும் அதேதான். அது எனக்கு நேர்ந்ததல்ல. நான் கழிக்கவே இல்லை.

திருத்தம் சில நிமிட வேலை. வட்டத்தை இரண்டின் 32-ஆம் அடுக்குத் துண்டுகளாக, 429 கோடிச் சொச்சமாக, வெட்டி, முழு எண்ணில் கூட்டிக்கொண்டே போனேன். வட்டம் முடிந்ததும் எண் நிரம்பி வழிந்து தானே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 'ஓவர்ஃப்ளோ' என்று நாங்கள் அஞ்சி நடுங்கும் அதே வழிதல்தான் இங்கே சுற்றைக் கழிக்கிறது. ஆறு நாள் ஓட்டினேன். மெஷினிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

முதலாளி கேட்டார், என்ன செய்தாய் என்று. "சர்வோ டிரைவை டியூன் பண்ணேன் சார்." தோளில் தட்டினார். தீபாவளி போனஸில் அது தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை சொன்னதைவிட இது மோசம். உறுமிக்கொண்டிருந்த மாதங்களில் அந்த மெஷினில் ஓடிய புஷ்களில், பூந்தமல்லி பக்கத்திலுள்ள ஒரு சின்ன ரப்பர் மோல்டிங் பட்டறையின் லாட் ஒன்று இருந்தது. ஏழு லட்சத்துச் சொச்ச ஆட்டத்தில் கிழிந்தது. ரிப்போர்ட்டில் 'சைன் அசைவு, விநாடிக்கு 2' என்று அச்சடித்து, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். லாட் திரும்பிப் போயிற்று. அந்த ரப்பர் பட்டது சைன் அசைவல்ல. தினமும் காலையில் ஆஃப் செய்து ஆன் செய்தாலும், இரவிலிருந்து விடியும்வரை வீசம் வீசமாகச் சுத்தியல் அடி. சரியான அசைவில் ஓட்டியிருந்தால் 10 லட்சத்தைத் தாண்டியிருக்குமா, தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி மறுபடி ஓட்டுவது. அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆயுத பூஜை இரவில் முதலில் மனத்தில் வந்தது அந்த லாட்தான். 'கடுமையான சோதனையில் தேறியவை நல்லவைதானே, யாருக்கும் ஆபத்தில்லை' என்று சமாதானம் செய்துகொண்டேன். தேறியவற்றுக்கு அது சரி. தேறாதவனுக்கு?

அந்தப் பட்டறைக்காரரைப் போன மாதம் தேடிப் போனேன். ஷெட்டில் இப்போது வேறு யாரோ பேக்கிங் அட்டைப்பெட்டி செய்கிறார்கள். பழைய முதலாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தக் குழிக்கு எவ்வளவு ஆச்சு தெரியுமா உனக்கு?" என்றார்.

எலக்ட்ரீசியன் அண்ணனின் பழைய எண் உபயோகத்தில் இல்லை. பட்டாபிராம் பக்கம் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பெனி பெயரோ அவர் பெயரோ இங்கே போடவில்லை, படித்தால் அவருக்கே தெரியும்.

அண்ணே, பேனல் கதவில் நீங்கள் எழுதிய மூன்று எண்ணும் சரி. 23 மணி 10 நிமிடம், 46 மணி 21 நிமிடம், 92 மணி 43 நிமிடம். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பழைய எர்த்தே நன்றாகத்தான் இருந்தது.